வெட்டுகிற புள்ளி

இன்று மார்ச் பதினான்கு, சனிக்கிழமை, காலை பதினொன்று இருபது. வாக்குரிமை உள்ளவர்கள் நாற்பத்தொரு பேர். நம் மொழியில் ஒரு புள்ளியின் பொருளை மாற்றும் தீர்மானம் வெல்ல, இருபத்தொரு கை உயர்ந்தால் போதும்.

அவைத் தலைவர் ஐயா அவர்களே! கணினிக்குக் கட்டளை எழுதும் நம் நிரல்மொழியைப் பெற்று வளர்த்த பெரியோர்களே! பிழை தேடித் தேடிக் கண் சிவந்த தாய்மார்களே! தோழர்களே! வணக்கம்.

ஒரு மருத்துவமனை. மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டை அச்சிடும் நிரலை எழுதியவள் எங்கள் அலுவலகத்துத் தங்கை. அதோ, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து இருக்கிறாள். மருந்தளவு வரும் இடத்தில் 'புள்ளி மூன்று' என்று குறித்தாள். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் என்று நினைத்தாள். நீங்கள் வேறென்ன நினைப்பீர்கள்? அளவு எண்ணாக வந்திருந்தால் நம் மொழியும் அப்படித்தான் நினைத்திருக்கும்! அளவோ, பெயரைப் போல, வெறும் எழுத்துகளின் வரிசையாக வந்தது. எழுத்துக்கு அதே புள்ளி சொல்வது: முதல் மூன்றை வை, மீதியை வெட்டு! அளவு மூன்று இலக்கத்தைத் தாண்டாதவரை யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் வந்தது 1250. அச்சானது 125.

நர்ஸ் அக்கா தொலைபேசியில் கத்தினார்: "ஏம்மா, டாக்டர் ஆயிரத்து இருநூத்தம்பதுங்கறாரு, உன் சீட்டு நூத்தி இருபத்தஞ்சுங்குது. ரெண்டு வேளை போட்டாச்சு, காய்ச்சல் ஏறுதேம்மா!"

நோயாளி பிழைத்துக்கொண்டார். தங்கையின் பிழைப்பு? எங்கள் அலுவலக விசாரணைக் குழு நம் முடிவுக்குக் காத்திருக்கிறது. மொழியின் குறை என்றால் அவளுக்கு வேலை. எழுதியவள் குறை என்றால் திங்கட்கிழமை வீடு.

"கையேட்டைப் படிச்சிருக்கணும்" என்றார் தலைவர் ஐயா, சற்றுமுன் தேநீர் வேளையில். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, அந்தப் புள்ளியை வைத்தவரே நீங்கள்தான்! கரண்டிகளுக்கு நடுவே கத்தியைப் போட்டுவிட்டு, கை அறுந்தவளிடம் கவனம் போதாது என்பதா?

என்ன அண்ணே, பின்வரிசையில்? "பழைய நிரலெல்லாம் உடைஞ்சிடும் தம்பி"யா? உடையட்டும்! சத்தம் போட்டு உடைந்தால் திருத்தலாம். சத்தமின்றி வெட்டினால் யார் திருத்துவது?

அச்சில் இத்தனை இடம் என்று அகலம் வேண்டுமா? 'அகலம்' என்று எழுது! தசமம் வேண்டுமா? 'தசமம்' என்று எழுது! வெட்டத்தான் வேண்டுமா? 'வெட்டு' என்று வாய்திறந்து எழுது! எழுத்தின்மேல் தசமம் வைத்தால் நிரலே, ஓடாதே. நில், காரணம் சொல்! நாலு எழுத்து மிச்சம் பிடித்து எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறோம்?

மேடையை விட்டு இறங்கியதும் நான் செய்யப்போவது:

1. தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தீர்மானத்துக்குக் கை தூக்குவேன்.

2. வென்றால், உடையும் பழைய நிரல்களைத் திருத்துகிற முதல் ஆளாக நிற்பேன், அண்ணனுடையதிலிருந்து தொடங்குவேன்.

3. தோற்றால், எதிர்த்தவர் ஒவ்வொருவரையும் கையேடு இல்லாமல் அந்தப் புள்ளிக்கு விளக்கம் கேட்பேன்.

4. எதுவானாலும், திங்கட்கிழமை குழுவின்முன் அவள் தனியாகப் போகமாட்டாள்.

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. உயரப்போகும் கைகளுக்கு வணக்கம்!