ஈஸ்வரனின் துடிப்பு, என் பெயரில்

டாக்டரம்மா, உங்கள் ஜங்லிகாட் ஆராய்ச்சி அறையில் இருக்கிற இந்தக் கட்டில் என் முதுகுக்கு ரொம்ப ஒத்துக்கொள்கிறது. வீட்டில் இருப்பது ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்துக் கட்டில். படுத்தால் எலும்பெல்லாம் அணிவகுப்பு நடத்தும்.

என் நெஞ்சில் வைத்த, துடிப்பைப் பதியும் சில்லை எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். எடுக்கலாம். உங்கள் மாத்திரையால் பூரணமாகக் குணமானவன் இந்தச் சொக்கலிங்கம்தான் என்றும், என்னைக் காட்டியே மற்ற தீவுகளுக்கும் மாத்திரையை அனுப்பப் போவதாகவும் சொன்னீர்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு நோயே கிடையாது.

கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்பியவன் நான். ரிட்டயரான பிறகு ஒரு நாய்கூட என்னை நலம் விசாரிக்கவில்லை. நீங்கள்தான் எங்கள் பாம்பூஃப்ளாட்டில் முகாம் போட்டு, "நெஞ்சு படபடக்குதா?" என்று கேட்டீர்கள். ஹெலிகாப்டரே இறங்குகிறது என்றேன். அடிக்கடி மயங்கி விழுகிறேன், ஒருமுறை கடலிலேயே விழுந்தேன், முதலை ஒன்று முகர்ந்து பார்த்து வேண்டாமென்று போய்விட்டது என்றேன். முதலையைத் தவிர மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரன், எலெக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயரானவன், "சில சமயம் கண்ணு இருட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டான். எங்கள் இருவரையும் இங்கே வரவழைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, கழுத்தில் ஆளுக்கொரு பெட்டியை மாட்டினீர்கள். மறுநாள் வரை துடிப்பைப் பதியும் பெட்டி. மேலே அவரவர் பெயர்.

ஃபெர்ரியில் திரும்பும்போது அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"அரே சொக்கு, இதுல ஏதாச்சும் காட்டிச்சுன்னா மெயின்லேண்டுக்கு ரெஃபர் பண்ணிருவாங்கடா. போனவன் எவன் நடந்து திரும்பினான்? எல்லாரும் பெட்டியிலதான் வந்தானுங்க."

"அப்ப கழுத்துப் பெட்டிய மாத்திக்குவோம் தோஸ்து. உனக்குப் போக வேணாம், எனக்குப் போகணும்."

"நீ ஒரு ஆளே ஒரு நாடகக் கம்பெனிடா" என்று சிரித்தான். வயரைக் கழற்றி மாற்றி மாட்டியது அவன் கைதான். தொழில் தெரிந்த கை, சுத்தமாக இருந்தது.

பிறகு என் பெயரில் பதிவான துடிப்புக் கோட்டை நீங்கள் எனக்கே விளக்கினீர்கள். தாளம் இப்படிக் கெட்டு ஓடினால் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகப் பாழாகும், அதற்குள் காப்பாற்ற வேண்டும், விட்டுவிட்டால் எந்த நேரமும் நின்றுபோகும் என்றீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. ஈஸ்வரனுக்கு எல்லாம் சரி என்று வந்தது. அவன் மனைவி பேச்சியம்மா பாயசம் காய்ச்சி எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தனுப்பினாள்.

சென்னையில் என் படுக்கையைச் சுற்றி எண்ணூறு டாக்டர்கள். சரி, எட்டுப் பேர். சோதனை எதிலும் கோளாறு தெரியாமல் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று துடிப்பைக் கண்காணிக்கும் இந்தச் சில்லைத் தோலுக்கடியில் வைத்தார்கள். உங்கள் மாத்திரையையும் கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்தால் எட்டுப் பேனாவும் எழுதும்.

ஊர் திரும்பியபோது ஈஸ்வரனால் வீட்டுப் படி ஏற முடியவில்லை.

"டாக்டரம்மாகிட்ட உண்மையச் சொல்லிரலாம்டா. திட்டினா திட்டட்டும். மெயின்லேண்டுக்கே போறேன்."

நியாயமான பேச்சு. நானே கைத்தாங்கலாக ஃபெர்ரியில் ஏற்றி இக்கரையில் இருக்கும் சாத்தம் ஜெட்டி வரை கூட்டிவந்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு யோசித்தேன். சொன்னால் சில்லு போகும், மாத்திரை போகும், மாதாமாதம் நீங்கள் என் கையைப் பிடித்து நாடி பார்ப்பதும் போகும். போனைக் காதில் வைத்துக் கொஞ்சம் பேசிவிட்டு, டாக்டரம்மா இன்றைக்கு லீவாம் என்றேன். மறுமுனையில் யாரும் இல்லை.

"டீக் ஹை, சரி, நாளைக்கு வரலாம்" என்றான்.

திரும்பும் ஃபெர்ரியில், பாதி வழியில், என் தோளில் சாய்ந்தான். அவன் மனது லேசாகட்டும் என்று முதலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலை முகர்ந்த இடத்திலும் அவன் சிரிக்காதபோதுதான் தெரிந்தது. மாத்திரை என் சட்டைப்பையில் இருந்தது.

"அண்ணே, இத்தன சீக்கோட நீங்க இருக்கீங்க. ஒண்ணுமே இல்லாத மனுசன் போயிட்டாரே" என்று பேச்சியம்மா அழுதாள். ஆமாம்மா என்று தலையாட்டினேன்.

ஆகவே அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா என்ன.

சில்லை எடுக்கும் முன் அன்றைய பதிவை மட்டும் பாருங்கள் டாக்டரம்மா. அவன் என் தோளில் கிடந்த நேரம் முழுக்க ஒரு துடிப்புகூடத் தடுமாறியிருக்காது. தப்புச் செய்தவன் நெஞ்சு அப்படியா இருக்கும்?