காலியிடம் தெரியக் கூடாது

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் அலுவலக நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு தனியே கழன்று வந்துவிடும். நிதானமாகவே சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

எங்கள் கம்பெனி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்டுகளைப் பராமரிக்கிறது. அதன் இணையதளத்தை முன்பெல்லாம் எல்லோரும் சேர்ந்து செய்தோம். ஒருவர் கை வைத்தால் இன்னொருவருடையது கெடும், தினமும் சண்டை. அதனால் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். கட்டணத் துண்டு ஒரு குழுவுக்கு, அறிவிப்பு ஒரு குழுவுக்கு, புகார் ஒரே ஒரு ஆளுக்கு. ஒரே வீட்டில் தனித்தனிக் குடித்தனம் மாதிரி, அவரவர் அடுப்பு அவரவருக்கு. எல்லாத் துண்டுகளையும் வாங்கிச் சேர்த்துக் காட்டுகிற சட்டகம் மட்டும் என் பொறுப்பு.

அதில் நான் வைத்த ஒரு விதியை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு துண்டு குறித்த நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் பக்கம் அதற்காகக் காத்திருக்காது. அந்த இடத்தை மூடிவிட்டு, கீழே இருப்பதை மேலே இழுத்துக்கொள்ளும். அங்கே ஒன்று இருந்ததென்றே பார்ப்பவருக்குத் தெரியாது. நாகரிகமான ஏற்பாடு.

குடியிருப்பவர்கள் புகார் பதிகிற துண்டைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அக்கா என்போம். தங்கமான மனுஷி, ஆனால் வாய் ஓயாது. லிஃப்டைப் பற்றிய புகார்களோடு என் சட்டகத்தைப் பற்றியும் நாலு வரும். காலையில் நான் பையை இறக்கி வைக்கும் முன்பே அவற்றோடு வந்து நிற்பார். "தம்பி, உங்க பேஜ் திறக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம்னு எழுதியிருக்காங்கப்பா" என்று அத்தனை பேர் காதிலும் விழச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஒன்று விடாமல் மனசில் எண்ணி வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அவருடைய துண்டுக்கு மட்டும் காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தேன். கொஞ்சம் என்றால், கண் இமைக்கும் நேரத்துக்கு; அதற்குள் எந்தத் துண்டும் வந்து சேராது, இடம் மூடிக்கொள்ளும். எதையும் உடைக்கவில்லை, அழிக்கவில்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

புகார் வருவது நின்றது. போனில் கூப்பிட்டாலும், இணையதளத்தில் பதியுங்கள் என்று ஒரு குரல் இனிமையாகச் சொல்லும். அக்கா தன் துண்டைத் தனியாகத் திறந்து பார்த்தார். தனியாகத் திறந்தால் அது சமர்த்தாக ஓடும். எங்கள் தொழிலில் அவரவர் துண்டைத்தான் பார்ப்போம். முழுப் பக்கத்தையும் திறந்து பார்க்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. "என்னுது நல்லாத்தான்ப்பா இருக்கு. லிஃப்டெல்லாம் திருந்திடுச்சு போல" என்றார். மேலாளர் கேக் வெட்டினார். அடுத்த மாதம், வராத புகாருக்கு எதற்கு ஒரு ஆள் என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். பூங்கொத்து கொடுத்தது நான்தான். பாவம், அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

எங்கள் குடியிருப்பு லிஃப்டும் எங்கள் கம்பெனியின் பராமரிப்புதான். ஒரு நாள் மனைவி சொன்னாள்: "லிஃப்ட் வராமலேயே கதவு திறக்குதுங்க. எட்டிப் பாத்தா கீழ வெறும் பள்ளம். புகார் பண்ணலாம்னா உங்க பேஜ்ல அதுக்கு இடத்தையே காணோமே."

எண்ணைப் பழையபடி வைத்திருக்கலாம். வைத்தால் புகார் வரும், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்ற கேள்வியும் கூடவே வரும். அதனால் மனைவியையும் மகளையும் படியிலேயே ஏறி இறங்கச் சொன்னேன். "மத்தவங்களுக்கு?" என்றாள். "நான் சொல்லிக்கறேன்" என்றேன். சொல்லவில்லை. சொல்வதும் ஒருவகையில் புகார்தானே.

நேற்றுக் காலை எதிர் வீட்டு டீச்சர் லிஃப்ட் முன்னால் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பார்வை மங்கல், அது எனக்குத் தெரியும். "யாரு, எதிர் வீட்டுப் பையனா? இந்தப் பட்டனைக் கொஞ்சம் அமுத்தி விடுப்பா" என்றார்.

அமுக்கிவிட்டு, படி வழியாக இறங்கினேன். பாதி வழியில் சத்தம் கேட்டது.

உதவி என்று கேட்டால் மறுக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது ஐயா. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.