நெஞ்சு நீர்

விளக்கு வைக்கும் நேரம். சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலை... ஏரிக்கரை வளைவு. ஓர் ஆள் கிடையாது. நம் அருள்தாஸின் மச்சானுக்கு நடந்தது இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

மச்சான் பெயர் செந்தமிழன். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ரத்தம், சளி எல்லாவற்றையும் பைக்கில் லேபுக்குக் கொண்டுபோகிற வேலை. அன்றைக்கு இரண்டு பாட்டில், இரண்டிலும் நெஞ்சு நீர். ஒன்று சொக்கம்மாளுடையது. நாற்று நடுகிறவள், நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி மூச்சு முட்டியது. அந்த நீரை வேகமாகச் சுழற்றினால் செல்கள் அடியில் தங்கும். கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். அபூர்வமான ஒரு ரத்தப் புற்று சில சமயம் அதில்தான் பிடிபடும்: கரு நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கிய செல்கள்.

வளைவில் மாடு குறுக்கே வந்தது. சொக்கம்மாளின் பாட்டில் உடைந்தது. சொன்னால் வேலை போய்விடும். பையில் இருந்த காலி பாட்டிலில் மற்ற நோயாளியின் நீரைப் பாதி ஊற்றி, அவள் பெயரை ஒட்டினான். இரண்டும் வைக்கோல் நிறம்தானே...

லேபில் லென்ஸ் பார்க்கிற பரிமளா பார்த்தாள். புற்று இல்லை என்று ரிப்போர்ட் போயிற்று. காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ஆடி முடிவதற்குள் சொக்கம்மாள் செத்தாள். படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே... தன் நீரில் தானே மூழ்கி.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம். அதே வளைவு. நடுரோட்டில் ஒருத்தி குந்தியிருந்தாள். நகத்தால் மண்ணைப் பறிக்கும் சத்தம். கர்... கர்... புளித்த கழுநீர் வாடை. செந்தமிழன் பைக்கை நிறுத்தினான்.

"இன்னாம்மா, இருட்ல இன்னா தேடிக்கினு கீற?"

"என் தண்ணி நைனா... இங்கதான ஊத்தின?"

முறுக்கினான் வண்டியை. பின்சீட்டு அழுந்தியது. காதோரம்... களக்... களக்... நீருக்குள்ளிருந்து மூச்சு.

விடிந்தபோது அவனால் படுக்க முடியவில்லை. நெஞ்சில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் அருள்தாஸிடம் சொன்னான். பாட்டிலை அருள்தாஸே கையில் கொண்டுபோனான்.

பரிமளா லென்ஸில் பார்த்தாள். ஓரமாக ஒதுங்கிய செல்கள், திரள் திரளாக. கூடவே வேறொன்று. பெண்ணின் வெள்ளணுக்கள் சிலவற்றில் கருவின் விளிம்பில் மேளக்குச்சி மாதிரி ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு இருக்காது.

"யோவ், யார் பாட்டில தூக்கினு வந்த? இது பொம்பளது."

"எம் மச்சான்துதான்கா. எங்கண்ணு முன்னாடிதான் எடுத்தாங்க."

"கண்ண நல்லாத் தொடச்சுக்கினு போய் வேற எடுத்துக்கினு வா."

மறுபடி குத்தினார்கள். மறுபடி மேளக்குச்சி. ஆள் மாறிய நீருக்கு ரிப்போர்ட் தர மாட்டார்கள். ரிப்போர்ட் இல்லாமல் மருந்து இல்லை.

செந்தமிழன் இன்னும் உட்கார்ந்தேதான் இருக்கிறான்... நாளைக் காலையில் திரும்பவும் குத்துவார்கள்.