கெட்டுப்போகாத கரோலா

அக்கா: ...அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஆள் வர்றாரு, சாவியைக் குடுக்கறோம், கதை முடிஞ்சுது.

தம்பி: அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்...

அக்கா: யோசிச்சு யோசிச்சுதான் ஒரு வருஷம் ஓடிப்போச்சு. இந்த வண்டி நம்ம வீட்டு வாசல்ல நின்ன நாளை விட ஒர்க்ஷாப்ல கிடந்த நாள்தான் ஜாஸ்தி. இப்ப சொல்லு, இடது பக்கமா, வலது பக்கமா?

தம்பி: இடது... அக்கா, நீ உள்ள வர வேணாம். நீ கார்லயே உக்காரு. நான் ஒரு நிமிஷத்துல போய்க் கேட்டுட்டு...

அக்கா: ஏண்டா நெளியற? டூட்டி முடிச்சு தூக்கத்தை விட்டுட்டு வந்திருக்கேன். மெக்கானிக் வாயால நானே கேக்கணும். வண்டி தேறுமா, தேறாதா. ஒரே கேள்வி. ஆமா, என்னமோ சத்தம் சத்தம்னு உயிரை எடுத்தியே... இவ்வளவு தூரம் நான்தானே ஓட்டிட்டு வந்தேன், ஒண்ணையும் காணோம்?

தம்பி: அது... நான் தனியா ஓட்டும்போதுதான் வரும்.

அக்கா: வெக்கப்படுதா வண்டி? இறங்குடா!

தம்பி: அக்கா, மெதுவா... கத்தாதே...

அக்கா: ஹலோ! யாருப்பா மெக்கானிக்? கொஞ்சம் வெளிய வாங்க!

மெக்கானிக்: வண்டிக்கு அடியில இருக்கேன், ஒரு நிமிஷம்... ஐயோ, நீங்களா! அடுத்த வாரம்தானே வர்றதா இருந்தீங்க! என்ன இப்படித் திடுதிப்புனு... தலையைக் கூட வாரல நான்...

அக்கா: நீதானாம்மா மெக்கானிக்?

மெக்கானிக்: இவங்க...?

தம்பி: என் அக்கா. ஆஸ்பத்திரியில நர்ஸ். நான் சொல்லியிருக்கேன்ல...

மெக்கானிக்: ஓ... வணக்கம் மேடம். கை எல்லாம் கிரீஸ், மன்னிச்சுக்கோங்க.

அக்கா: டேய். மெக்கானிக்குன்னு சொன்னே, பொண்ணுன்னு சொல்லலையே.

தம்பி: மெக்கானிக்தானே அக்கா.

அக்கா: சரி, சரி. ஏம்மா, ஒளிவுமறைவு இல்லாம சொல்லு. என் தம்பி ஒரு வருஷமா இந்த வண்டியை உன்கிட்ட இழுத்துட்டு வர்றானே, இதுக்கு என்னதான் வியாதி?

மெக்கானிக்: வியாதியா... முதல்ல, ஏசியில இருந்து ஒரு வாசனை வருதுன்னாரு.

அக்கா: கெட்ட வாசனையா?

மெக்கானிக்: இல்ல... நல்ல வாசனை.

அக்கா: நல்ல வாசனை வந்ததுக்கு ஒர்க்ஷாப்பாடா?

தம்பி: திடீர்னு ஏன் நல்லா இருக்குன்னு ஒரு பயம்...

அக்கா: நீ பேசாதே. அப்புறம்?

மெக்கானிக்: அப்புறம்... ஹாரன் கொஞ்சம் கோவமா அடிக்குதுன்னாரு.

அக்கா: கோவமா!

மெக்கானிக்: அதுக்கப்புறம் வைப்பர். வலது பக்கம் போகும்போது நல்லாப் போகுதாம், திரும்பி வரும்போது சோகமா வருதாம்.

அக்கா: கடவுளே. டேய், உன் மருந்துக்கடையில இருந்து எதையாவது எடுத்துக் குடிக்கிறியா நீ?

மெக்கானிக்: சிரிக்காதீங்க மேடம். எனக்கும் சிரிப்பு வருது...

அக்கா: சரி. ஒரே கேள்விதான். இது நல்ல வண்டியா, மோசமான வண்டியா?

மெக்கானிக்: மோசமா? யாரு சொன்னது மோசம்னு? மேடம், இது டொயோட்டா கரோலா! இதே மாதிரி ஒண்ணை வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு டாக்சிக்காரர் வர்றாரு. மூத்த பொண்ணு பிறந்தப்போ எடுத்த வண்டி. அதுலதான் அவளை ஸ்கூலுக்கு விட்டாரு, காலேஜுக்கு விட்டாரு. இப்ப அவ குழந்தையை அதுலயே கூட்டிட்டுப் போறாரு. ஆயிலை மாத்துவேன், பிரேக் பார்ப்பேன், அவ்வளவுதான். இந்த மாதிரி வண்டியைத்தான் எங்க தொழில்ல 'சோறு போடாத வண்டி'ன்னு சொல்லுவோம்!

தம்பி: ஐயோ... வேணாம்... நிறுத்து...

மெக்கானிக்: ஏன் நிறுத்தணும்? மோசம்னா எனக்குக் கோவம் வருமா வராதா?

அக்கா: அப்பாடா! நல்ல வண்டி. கேட்டியாடா? சாயங்காலம் வாங்க வர்றவர்கிட்ட தைரியமா சொல்லலாம்.

மெக்கானிக்: வாங்க... யாரு வாங்க வர்றாங்க?

அக்கா: இவன் சொல்லலையா? வண்டியை விக்கிறோம்மா. இன்னைக்கு.

மெக்கானிக்: விக்கிறீங்களா? ...நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே!

தம்பி: எனக்கே காலையிலதான் தெரியும்!

மெக்கானிக்: மேடம்... மேடம், கொஞ்சம் இருங்க. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். வண்டியில... லேசா ஒரு பிரச்சினை இருக்கு. இப்ப விக்கக் கூடாது.

அக்கா: அப்படியா? அப்ப கண்டிப்பா இன்னைக்கே தள்ளி விட்டுடணும்.

தம்பி: நல்லா இருந்தாலும் விக்கணும், கெட்டுப்போனாலும் விக்கணும்னா எப்படிக்கா!

அக்கா: அப்படித்தான். எத்தனை தடவை கேட்டிருக்கேன், 'டூட்டிக்கு நேரமாச்சு, சாவியைக் குடுடா'ன்னு? ஒவ்வொரு தடவையும், 'ஒர்க்ஷாப் போகணும்கா.' மழையில பஸ்ஸுக்கு நின்னிருக்கேன்டா நான். ...ஏம்மா, இந்த ஒரு வருஷத்துல என்ன பார்ட் மாத்துனே?

மெக்கானிக்: ...மாத்தல.

அக்கா: ஒண்ணு கூடவா?

மெக்கானிக்: மாத்தற மாதிரி எதுவும்...

அக்கா: அப்ப காலையில வந்தவன் மத்தியானம் வரைக்கும் இங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?

மெக்கானிக்: பேசிக்கிட்டு இருந்தோம்.

அக்கா: எதைப் பத்தி?

தம்பி: டொயோட்டாவைப் பத்தி.

அக்கா: ஒரு வருஷமா! ஒரு கார் கம்பெனியைப் பத்தி! அப்படி என்னடா இருக்கு பேச?

தம்பி: என்ன இருக்கா? அக்கா, அவங்க ஆரம்பத்துல கார் செய்யறவங்களே இல்ல தெரியுமா! தறி செய்யறவங்க!

அக்கா: எந்தத் தறி?

மெக்கானிக்: துணி நெய்யற தறி மேடம்! அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒரு தறி கண்டுபிடிச்சாரு பாருங்க, நெய்யும்போது ஒரு நூல் அறுந்தாப் போதும்...

தம்பி: தானா நின்னுடும்!

மெக்கானிக்: நான் சொல்லிட்டு இருக்கேன்ல? ஆமா, தானா நின்னுடும். அறுந்த நூலோட ஒரு முழம் கூட ஓடாது. அப்புறம் அவர் மகன் 'எனக்குக் கார்தான் செய்யணும்'னு பிடிவாதம்...

தம்பி: அவங்க குடும்பப் பேரு டொயோடா. 'டா'. அதை 'டொயோட்டா'ன்னு மாத்திட்டாங்க. ஏன் சொல்லு?

அக்கா: எனக்கெதுக்குடா?

தம்பி: அதை ஜப்பான் எழுத்துல எழுதினா சரியா எட்டு கோடு வரும். எட்டு அவங்களுக்கு ராசி!

மெக்கானிக்: இதை இவர் முதல்ல சொன்னப்போ நான் நம்பல மேடம். தரையில ஆயிலை விட்டு விரலால எழுதிக் காட்டினாரு. எண்ணிப் பாத்தேன், எட்டு!

தம்பி: ஆனா அமெரிக்காவுக்கு அவங்க முதமுதல்ல கார் அனுப்பின கதையைச் சொன்னது இவதான். அந்த ஊரு பெரிய ரோட்டு வேகத்துக்கு அந்த வண்டியால ஈடு குடுக்க முடியல. மூச்சு வாங்கிடுச்சு.

மெக்கானிக்: அதுக்காக அழுதுக்கிட்டு உக்காந்தாங்களா? எங்க தப்புன்னு பாத்தாங்க, திரும்பச் செஞ்சாங்க. அவங்க ஃபாக்டரியில ஒரு கயிறு இருக்கும் மேடம். சாதாரணத் தொழிலாளி யாரா இருந்தாலும் சரி, ஏதோ தப்பா இருக்குன்னு பட்டா அந்தக் கயித்தை இழுக்கலாம். மொத்த லைனும் நின்னுடும்!

அக்கா: எங்க வார்டுல கட்டில் பக்கத்துல மணி இருக்கே, அது மாதிரி.

மெக்கானிக்: ஆமா அக்கா! அதேதான்! ...சாரி. மேடம்.

அக்கா: பரவாயில்ல. மேல சொல்லு.

தம்பி: மேல என்ன... கரோலா. கரோலான்னா என்னன்னு தெரியுமா அக்கா? அல்லி வட்டம். ஸ்கூல்ல படிச்சோமே, பூவுல இதழ் எல்லாம் சேர்ந்து வட்டமா இருக்குமே, அது. அதைச் சொன்ன அன்னைக்கு இவ...

மெக்கானிக்: ஷ்ஷ்!

தம்பி: ...இவ ஸ்பேனரைக் கீழ போட்டுட்டா.

மெக்கானிக்: கை வழுக்கிடுச்சு.

அக்கா: வழுக்கும், வழுக்கும். ...இரு, போன் அடிக்குது. ஹலோ? ஆமா, நான்தான். ஒர்க்ஷாப்லதான் இருக்கோம். கொஞ்சம் லைன்லயே இருங்க, இப்பச் சொல்லிடறேன். டேய், கேக்கறாங்க. குடுத்துடலாமா?

தம்பி: அக்கா, சாயங்காலம்னு சொன்னே!

அக்கா: அவசரமாம். ஒரு வார்த்தை சொல்லு. குடுத்துடவா, வேணாமா?

தம்பி: அது... வந்து...

அக்கா: வாயில என்ன, கொழுக்கட்டையா? இவ்வளவு நேரம் தறி, கயிறுன்னு பொரிஞ்சு தள்ளினியே?

மெக்கானிக்: குடுக்காதீங்க!

அக்கா: உனக்கென்னம்மா? உன் வண்டியா?

மெக்கானிக்: நானே வாங்கிக்கறேன். அவர் என்ன தர்றாரோ அதையே நானும் தர்றேன். வேற யாருக்கும் வேணாம்.

தம்பி: நீ வாங்கறதா? நல்லா இருக்கே! நீ வாங்கிட்டா அப்புறம் நான் எதை எடுத்துக்கிட்டு இங்க வருவேன்?

அக்கா: ஓஹோ!

தம்பி: அதாவது... வண்டி இல்லாம... நான்...

அக்கா: டேய். எங்க ஆஸ்பத்திரிக்கும் சில பேர் வருவாங்க. காய்ச்சல் இருக்காது, பிரஷர் சரியா இருக்கும், நாடி கடிகாரம் மாதிரி ஓடும். ஆனா வாரா வாரம் வந்து நிப்பாங்க. எங்க வலிக்குதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. அப்படி ஒருத்தரை ஒரு தடவை எங்க பெரிய டாக்டர் தனியாக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'நீங்க யாரைப் பாக்க வர்றீங்க?'

தம்பி: அக்கா...

அக்கா: நானும் அதையேதான் கேக்கறேன்.

தம்பி: ...வண்டிக்கு ஒண்ணுமே இல்லக்கா. ஒரு நாள் கூட மக்கர் பண்ணினதில்ல. அதுதான் எனக்குப் பிரச்சினையே! வேற கம்பெனி வண்டியா இருந்தா அதுவா எதையாவது கெடுத்துக் குடுத்திருக்கும், நானும் மானத்தோட வந்திருப்பேன். இது கல்லு மாதிரி நிக்குது. வேற வழியில்லாம ஹாரன் கோவப்படுது, வைப்பர் அழுவுதுன்னு... என்னென்னமோ உளறி... எனக்கு இவளைப் பாக்கணும்கா. தினமும் பாக்கணும். அவ்வளவுதான். சொல்லிட்டேன். என்னை எதை வேணாலும் சொல்லித் திட்டு.

மெக்கானிக்: இதைச் சொல்ல ஒரு வருஷமா?

தம்பி: நீ... உனக்குத் தெரியுமா?

மெக்கானிக்: பின்ன? நல்ல வாசனை வருதுன்னு ஒருத்தன் ஏசியைத் திறந்து காட்டினா, எனக்கு என்ன மூளை இல்லையா? உங்க வண்டியில இன்னைக்கு வரைக்கும் ஒரு நட்டைக் கூட நான் தொட்டதில்ல. பானட்டைத் தூக்கி வச்சுட்டுப் பக்கத்துல நின்னு பேசுவேன், அவ்வளவுதான்.

தம்பி: அப்ப நீதானே சொன்னே, 'சத்தம் லேசா இருக்கு, அடுத்த வாரம் இன்னொரு தடவை கொண்டு வாங்க'ன்னு?

மெக்கானிக்: சொன்னேன்.

தம்பி: ஒவ்வொரு வாரமும் சொன்னியே!

மெக்கானிக்: ஒவ்வொரு வாரமும்தான் சொன்னேன். எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல. நீங்க வரணும்னு சொன்னேன். வேற எவனாவது வேலை நேரத்துல வந்து நின்னு தறியைப் பத்திப் பேசியிருந்தா ஸ்பேனராலயே போட்டிருப்பேன்!

தம்பி: அக்கா... கேட்டியா? இவளும்... அக்கா!

அக்கா: கேட்டேன்டா, கேட்டேன். பக்கத்து தெருவுக்கே கேட்டிருக்கும். குதிக்காதே, தரையெல்லாம் ஆயிலு.

மெக்கானிக்: அக்கா, அந்த வாங்க வர்றவர்கிட்ட தயவுசெய்து வேணாம்னு சொல்லிடுங்க. பாவம், இவ்வளவு நேரமா லைன்ல இருக்காரு...

அக்கா: எவருடி அவரு? வாங்கறதுக்கு ஆளே கிடையாது. போன மாசம் இவன் என்கிட்ட வந்து, கிரீஸ் பட்டு வெடிச்ச கைக்கு எந்தக் களிம்பு நல்லதுன்னு கேட்டான். மருந்துக்கடை வச்சிருக்கறவன், கை ரெண்டும் வெண்ணெய் மாதிரி இருக்கறவன்! அன்னைக்கே எனக்குத் தெரியும், இவனை ஒரு உலுக்கு உலுக்கினாத்தான் வாய் திறப்பான்னு. ...அம்மா, எல்லாம் கேட்டுச்சா? அழாதீங்கம்மா, போனை உங்க மருமககிட்ட தர்றேன், நீங்களே பேசுங்க.