பழஞ்சேலை

அறுபதுகளின் தொடக்கம். சமயபுரத்திலிருந்து திருச்சி வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. சங்கில் பால் புகட்டினால் துப்பியது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“அழுது அழுதே அவங்கள மறந்துடுவானாம்,” என்றாள் இளம்பெண்.

“யாரை?”

“இவன் அம்மாவைத்தான். நான் அத்தை. எங்கண்ணியப் பொன்மலைக்கு, அவங்க அப்பா வீட்டுக்கே அனுப்பிட்டாங்க.”

“பால் குடிக்கிற புள்ளைய விட்டுட்டா?”

“எதிர்த்துப் பேசுனாங்களாம். ஆம்பளப் புள்ளையக் குடுக்க மாட்டேன்னு எங்கம்மா பிடுங்கி வச்சுக்கிட்டாங்க.”

“உங்க அண்ணன்?”

“தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு.”

அந்த அம்மாள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள். அழுகை அடங்கவில்லை.

“அவ கட்டுன பழஞ்சேலை இருந்தா அதுல சுத்தி வச்சுப் புகட்டும்மா. அம்மா வாசனைக்குக் குடிக்கும்.”

“ஒண்ணு ஒளிச்சு வச்சிருந்தேங்க.” இளம்பெண் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “அதுல சுத்துனா நல்லாத்தான் குடிச்சான். எங்கம்மா பாத்துட்டு அடுப்புல போட்டுட்டாங்க.”