மணிமுத்தாற்றில் கவிழ்த்த ஜாடி

விருத்தாசலம் ஆற்றங்கரை டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு அண்ணனும் தம்பியும். ராமேஸ்வரம் போகிற வழியில் பிளஷர் காரை நிறுத்தி, தங்கள் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்திருந்தார்கள். திரும்பினால் பேச்சு நின்றுவிடும். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, எந்த ஜாடிய கவுத்தீங்க?"

"வெள்ள ஜாடிய."

"காலைல இங்க ஜோடியா வாங்கினமே, ரெண்டும் வெள்ளதாண்ணே. தண்ணி செவப்பா போச்சே, பாக்கலியா?"

"குங்குமம்னு நெனச்சேன்டா."

"அது வழிக்குன்னு அண்ணி போட்ட எலுமிச்ச ஊறுகா, இன்னொரு ஜாடில மாத்தி வெச்சமே. அப்பா இன்னும் கார்லதான் இருக்காரு."

அண்ணன் டீ டம்ளரைப் பெஞ்சில் வைக்கிற சத்தம் கேட்டது.

"டாக்டரு அவுருக்கு ஊறுகாவே கூடாதுன்னாருல்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"எழுந்திரு. அதே எடத்துல அவுரையும் கரைச்சிடுவோம். ஆச தீர தொட்டுக்கட்டும்."