தோமஸ் மாஸ்டரின் சோடிக் கழுகு

மார்கிரட்: பேனா எழுத மாட்டேங்குதுண்ணே.

லியோன்: ஒதறிட்டு எழுது. மீன் கழுகு, ரெண்டு.

மார்கிரட்: ரெண்டையும் நீங்க பார்த்தீங்களா?

லியோன்: அணைக்கட்டுப் பக்கம் நான் ஒண்ணு பார்த்தேன். மாதா கெபிப் பக்கம் நீ ஒண்ணு பார்த்த. ஒண்ணும் ஒண்ணும் எத்தன, டீச்சரம்மா?

மார்கிரட்: ஒங்களோடது எத்தன மணிக்கு?

லியோன்: ஆறே முக்கால்.

மார்கிரட்: என்னோடது ஏழுக்கு. ஒங்க பக்கம் இருந்துதான் வந்துச்சு.

லியோன்: வந்தா என்ன... சோடியத் தேடி வந்திருக்கும்.

மார்கிரட்: எடது றெக்கையில ஒரு எறகு இல்ல. ஒங்களோடதுக்கு?

லியோன்: வெயில் கண்ணுல அடிச்சுச்சு. சரியாத் தெரியல.

மார்கிரட்: தை மாசப் பனியில... வெயிலு.

லியோன்: இந்தா மார்கிரட். எட்டு மணிக்கு வனவிலங்கு ஆபீஸ் தர்ஷனா வந்து இந்தத் தாள வாங்கிட்டுப் போயிரும். அப்பா தொடங்கின பறவைக் கணக்கெடுப்பு இது. இருபத்தாறு வருஷமா நம்ம குளத்துக்கு நேரா "மீன் கழுகு, ஒரு சோடி"னுதான் இருக்கு. அப்பா பேருல கண்டியில பலகையும் எழுதக் குடுத்தாச்சு.

மார்கிரட்: "சோடிக் கழுகைக் காத்த தோமஸ் மாஸ்டர்." தெரியும். மூணு மொழியிலயும் நீங்கதான எழுதிக் குடுத்தீங்க.

லியோன்: ஒத்தக் கழுகுக்கு எவன் பலகை வைப்பான்?

மார்கிரட்: நம்ம குடும்பத்துல பொய்க் கணக்கு எழுதின ஆளே இல்லனு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறது யாரு?

லியோன்: நான்தான். அதுக்கென்ன இப்ப?

மார்கிரட்: ஒண்ணுமில்ல. ஒங்க சப்பாத்துல செஞ்சேறு. அணைக்கட்டுப் பக்கம் பூரா கொங்கிரீட். செஞ்சேறு என் பக்கந்தான்.

லியோன்: கெபியில மெழுகுதிரி பத்த வச்சேன்.

மார்கிரட்: மாதாவுக்கு திலாப்பியா மீனும் வச்சீங்களோ? கல்லு மேல கெடந்துச்சே. அணைக்கட்டுல ஒரு மீன், என் பக்கம் ஒரு மீன். ஒரே கழுகுதான் அங்க தின்னுட்டு இங்க வருது. நாம ரெண்டுனு எழுதுறோம்.

லியோன்: எப்பருந்து தெரியும்?

மார்கிரட்: மூணு வருஷமா. போன வருஷம் நீங்க வச்ச மீன காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்கு ஓடிப்போய் நான்தான் வேற மீன் வாங்கிட்டு வந்து வச்சேன்.

லியோன்: நீயா... அதான் ஏழே முக்காலுக்கு வந்துச்சா?

மார்கிரட்: பின்ன? மூச்சு வாங்கினது எனக்கு. பேரு ஒங்களுக்கு.

லியோன்: அப்ப இந்த வருஷமும் பேசாம எழுதேன்.

மார்கிரட்: தர்ஷனா ஒண்ணு சொல்லிச்சுண்ணே. சோடி நல்லா இருக்குனு நம்பித்தான் கரை மரத்த வெட்ட விட்டாங்களாம். கொறஞ்சது தெரிஞ்சா நிப்பாட்டுவாங்களாம்.

லியோன்: அது கூடு கட்டின மாரா மரத்தையுமா?

மார்கிரட்: அடுத்த வாரம். அப்பா இருந்தா ஒண்ணுனுதான் எழுதியிருப்பாரு.

லியோன்: ...ஒண்ணுனு எழுது.

மார்கிரட்: பலகை?

லியோன்: எழுதுனு சொல்றேன்ல.

மார்கிரட்: எழுதிட்டேன். அப்பாவுக்கு சந்தோசமா இருக்கும். பொய்யே தெரியாத மனுசன்.

லியோன்: கடைசி ரெண்டு வருஷம் அவருக்கு நடக்க முடியாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? அப்பத்தான் மீனப் பையில போட்டு என் கையில குடுத்தாரு... ரெண்டு கரையிலயும் வச்சிட்டு வாடான்னு.